ஏழு மணிப் பெரட்டு: கேபிள் கார் ஓடுமுன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் ஒரு மலைமேல் ஏறும் கேபிள் காரில் 19 வருடம் வேலை பார்த்தேன். முதலில் பிளாட்பாரத்தில் கதவு பிடித்தேன், பிறகு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நேரில் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுடையது கொண்டோலா வகை. ஒரே ரோப் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டிகள் கிரிப்பால் அதைக் கவ்விப் போகும், ஸ்டேஷனுக்குள் வந்ததும் கழன்று ஊர்ந்து நகரும். லைனில் நொடிக்கு 5 மீட்டர் என்றால், ஆள் ஏறும் இடத்தில் அரை மீட்டர்கூட இருக்காது. உங்கள் இயந்திரம் வேறாக இருந்தால் அதன் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுக்காமல் யாரும் மரத்தடிக்குப் போக முடியாது. எங்கள் காலைச் சோதனையையும் நான் பெரட்டு என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பாகமும் வந்து நின்று "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். நேற்று வந்தது என்பதால் இன்று வந்ததாக எழுதக் கூடாது.

முதல் வேலை லாக் புக். இரவு ஷிப்டில் என்ன கழற்றினார்கள், என்ன மாட்டினார்கள், எது பாதியில் நிற்கிறது என்று படித்து முடிக்காமல் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். மெக்கானிக் மேலே டவரில் இருக்கும்போது கீழே ஒருவர் லைனை ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டவருக்குப் போகிறவர் லைனை ஓட்டும் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டை அவர் கையாலேயேதான் திறக்க வேண்டும்.

அடுத்தது ரோப்பை ஓட்டும் மோட்டார் இருக்கும் டிரைவ் ஸ்டேஷன். கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டம், தரையில் புதிதாகச் சொட்டிய கறை, ஹைட்ராலிக் பிரஷர், கரண்ட் போனால் லைனை ஓட்டும் டீசல் என்ஜினின் பேட்டரியும் எண்ணெயும். ரோப்பைச் சுற்றவைக்கும் பெரிய சக்கரத்தின் ரப்பர் லைனிங்கைக் கையில் டார்ச்சோடு சுற்றிவந்து பாருங்கள். மறுமுனையில் ரோப்பை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் வண்டி எந்த அளவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் ரோப் நீளும், மழையில் சுருங்கும், அதனால் வண்டி முன்பின் போவது இயல்புதான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் ரோப் நிரந்தரமாக நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

பிரேக் விஷயத்தில் அவசரமே கூடாது. இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். மற்றொன்று எமர்ஜென்சி பிரேக், நேராகப் பெரிய சக்கரத்தையே பிடிக்கும். கியர்பாக்ஸோ அதன் தண்டோ உடைந்தால் முதல் பிரேக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இரண்டாவதுதான் பிடிக்க வேண்டும். அதனால் தினமும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆளில்லாமல் ஓடவிட்டு, பிரேக் போட்டு, எத்தனை நொடியில் நிற்கிறது என்று எழுதுங்கள். நேற்றைவிட நேரம் கூடினால் லைனிங்கில் எண்ணெயோ ஈரமோ இருக்கலாம். குறைந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். வெடுக்கென்று நின்றால் பெட்டிகள் ஆடும், ரோப் துள்ளும். இந்த பிரேக்குகளைப் பிடிக்கவைப்பது ஸ்பிரிங், திறந்து வைப்பது ஹைட்ராலிக் அழுத்தம். கரண்ட் போனாலும் குழாய் வெடித்தாலும் தானாகப் பிடித்துவிடும்.

லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். கீழே, மேலே, கண்ட்ரோல் ரூமில், மெஷின் ரூமில். "போன வாரம் பார்த்தேன்" என்பது கணக்கில் வராது.

பிறகு லைன் ஓட்டம். மெதுவான வேகத்தில் ஒருவர் முதல் பெட்டியில் ஏறி, வாக்கி டாக்கியோடு முழுச் சுற்றும் போய்வர வேண்டும். நான் ஏறும் நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்துக் காதைத்தான் அதிகம் நம்புவேன். ஒவ்வொரு டவரையும் கடக்கும்போது தடதடவென்று ஒரே சீராகச் சத்தம் வரும். டவரில் ரோப்பைத் தாங்கும் ஒரு உருளையின் பேரிங் போயிருந்தால் அங்கே கீச்சிடும், ரப்பர் தேய்ந்திருந்தால் உலோகச் சத்தம் கேட்கும். ரோப் உருளையின் பள்ளத்தில் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா, சுற்றாமல் நிற்கும் உருளை உண்டா என்று மேலே பாருங்கள். கீழேயும் பக்கவாட்டிலும் பாருங்கள். ராத்திரி பெய்த மழையில் சாய்ந்த மரம், புதிதாக வந்து நிற்கும் கிரேன், மண் சரிந்த இடம், எதுவானாலும் சொல்லுங்கள். 2017 ஜூனில் காஷ்மீரின் குல்மார்க்கில் பலத்த காற்றில் ஒரு மரம் கேபிளில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நம் பக்கத்துச் சிங்கப்பூரில் 1983 ஜனவரி 29 அன்று துளையிடும் கப்பல் ஒன்றின் கோபுரம் சென்தோசா கேபிளில் மாட்டி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. அங்கேயும் ஏழு உயிர். இரண்டு இடத்திலும் ஆபத்து லைனுக்கு வெளியேயிருந்து வந்தது.

பெட்டி, கிரிப். கதவு முழுசாகப் பூட்டுகிறதா, தொங்கும் கையில் விரிசல் உண்டா, ஜன்னல் உறுதியா என்று தொட்டுப் பாருங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியேறும் ஒவ்வொரு கிரிப்பின் பிடிப்பையும் சென்சார் அளக்கும். குறைவாக இருந்தால் லைன் நின்றுவிடும். இங்கேதான் பலருடைய பொறுமை போகும்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. 23ஆம் நம்பர் பெட்டி மூன்று முறை லைனை நிறுத்தியது. "சென்சார்தான் கோளாறு, பைபாஸ் போட்டு ஓட்டு, ராத்திரி பார்த்துக்கலாம்" என்று எனக்கு மேலே இருந்தவர் சொன்னார். நான் பெட்டியைக் கழற்றி ஷெட்டுக்குத் தள்ளிவிட்டு 22, 24 என்று ஓட்டினேன். சாயந்திரம் மெக்கானிக் கிரிப்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு ஸ்பிரிங் இரண்டு துண்டாக இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தாலியில் மோத்தரோனே மலையில் 2021 மே 23 அன்று 14 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு சிறுவன் பிழைத்தான். அது வேறு வகை, பெரிய பெட்டி நிலையான கேபிள்மேல் ஓடுவது. இழுக்கும் ரோப் அறுந்தது. அப்போது பிடிக்க வேண்டிய பெட்டியின் எமர்ஜென்சி பிரேக், பிடிக்காதபடி இரும்புக் கவ்வி மாட்டித் தடுக்கப்பட்டிருந்தது. பிரேக் அடிக்கடி தானாகப் பிடித்துச் சேவையை நிறுத்துகிறது என்பதற்காக மாட்டியது. சென்சார் பொய் சொல்கிறது என்று தோன்றினால், அது பொய் என்று நிரூபித்த பிறகு ஓட்டுங்கள். கூட்டத்தைக் காத்திருக்கச் சொல்லலாம், அவர்கள் கோபப்பட்டால் படட்டும்.

பயணிகளுக்குக் கதவு திறந்த பிறகு பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணைப் பயணியின் காலில் வைக்க வேண்டும். தடுமாறும் பாட்டி, அம்மாவின் கையை உதறும் குழந்தை, கதவில் மாட்டும் பையின் வார். சக்கர நாற்காலி வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் நிறுத்துங்கள். பொத்தானை அமுக்கியதற்காக நான் யாரையும் திட்டியதில்லை, திட்டவும் விட்டதில்லை. ஒருமுறை திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை அமுக்குமுன் யோசிக்கும்.

லைன் நின்றால் யார் நிறுத்தியது, ஏன் என்று தெரியாமல் ரீசெட் செய்யாதீர்கள். முதலில் பெட்டிகளில் இருப்பவர்களுக்கு மைக்கில் பேசுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் "பார்த்துக்கொண்டிருக்கிறோம், உட்கார்ந்திருங்கள்" என்று சொல்லலாம். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எதில் முடியுமோ அதில். திரும்ப ஓட்டும்போது மெதுவாகத் தொடங்குங்கள்.

எங்கள் மலையில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். மின்னல் தலைக்குமேல் வரும்வரை காத்திருந்தால் ஆட்கள் லைனில் மாட்டிக்கொள்வார்கள். எச்சரிக்கை வந்ததும் ஏற்றுவதை நிறுத்துங்கள், லைனில் இருப்பவர்களை இறக்குங்கள், பிறகு ஓட்டத்தை நிறுத்துங்கள். காற்றுக்கும் இதே வரிசைதான். காற்றுமானியின் எச்சரிக்கை அளவில் வேகம் குறைய வேண்டும், நிறுத்தும் அளவு வருமுன் பெட்டிகள் காலியாகியிருக்க வேண்டும்.

மூடும் நேரத்தில் கடைசிப் பயணி எந்தப் பெட்டியில் ஏறினாரோ அந்த எண்ணை மறுமுனைக்குச் சொல்லுங்கள், பின்னால் வரும் பெட்டிகளைப் பூட்டி வெறுமையாக அனுப்புங்கள். மேலிருந்து இறங்குபவர்களுக்கும் அப்படியே. பெட்டி வந்து சேர்ந்து, ஆள் இறங்கி, மறுமுனையில் இருப்பவர் அதே எண்ணைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும்.