ஊருக்குப் போனால் முதல் வேலை: கூப்பிட்டால் அடிக்கிற ஒரு நம்பர்

இந்தத் தடவை ஊருக்குப் போகமுன் இணையத்தில் ஒரு இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம், வாங்கிப் போட்டுக்கொண்டேன். டேட்டா மட்டும் தருகிற இ-சிம். அதற்கென்று போன் நம்பர் கிடையாது. வாட்ஸ்அப்பும் வைபரும் ஓடினால் போதும், இப்போது யார் சாதாரண கோல் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று கிழமை லீவில் ஆறு நாள் அந்த நினைப்பால் பாழாய்ப் போனது.

அம்மாவின் காணிப் பத்திரத்துக்கு ஒரு பிரதி தேவைப்பட்டது. கந்தோரில் படிவத்தை நிரப்பி, தொலைபேசி எண் கேட்ட இடத்தில் என் வெளிநாட்டு நம்பரை எழுதினேன். எழுதுவினைஞர் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இதுக்கு எங்களால எடுக்கேலாது. இங்கத்தை நம்பர் ஒண்டு தாங்கோ."

"வாட்ஸ்அப்பில எடுங்கோ, உடன வருவன்" என்றேன். அவர் மேசையில் இருந்த போனைக் காட்டினார். சுருள் வயர் போட்ட, இலக்கங்கள் தேய்ந்த போன். வெளிநாட்டுக்கு எடுக்கும் வசதியும் அந்த இணைப்பில் இல்லை. வேறு வழியில்லாமல் சித்தப்பாவின் நம்பரைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் எடுத்திருக்கிறார்கள். சித்தப்பா மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. பின்னேரம் திருப்பி எடுத்தபோது கந்தோர் பூட்டியாயிற்று. அடுத்த நாள் நான் போய் நின்றால், மூலப் பத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லத்தான் எடுத்தோம், பதில் இல்லை என்பதால் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டோம் என்றார்கள். கையெழுத்துப் போடுபவர் லீவு. திங்கட்கிழமை திரும்பப் போனால், பதிவு செய்த நம்பருக்கு ஒரு குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். குறியீடு போனது சித்தப்பாவுக்கு.

வாசலுக்கு ஓடிவந்து வாட்ஸ்அப்பில் அவருக்கு எடுத்தேன். திரையில் 'கோலிங்' என்றே நின்றது, 'ரிங்கிங்' என்று மாறவே இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் பொருட்படுத்தினேன். முதலாவது, நம் பக்கம் முயற்சி செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வந்தால்தான் அந்தப் பக்கத்துப் போனை எட்டியிருக்கிறது. சித்தப்பா இரவில் மட்டுமே டேட்டா போடுபவர். என் கையில் இணையம் தாராளமாக இருந்தது, ஆனால் அவருடைய நம்பருக்குச் சாதாரணமாக ஒரு கோல் எடுக்க வழி இல்லை. வரிசையில் நின்ற ஒரு ஐயாவிடம் போனை இரந்து வாங்கி எடுத்தேன். அதற்குள் குறியீட்டின் நேரம் முடிந்துவிட்டது.

அன்றிரவு சித்தப்பா கத்தினார். "நீ இஞ்சதான் நிக்கிறாய், ஆனா உன்னைப் பிடிக்கேலாமல் கிடக்கு! எத்தினை தரம் என்ர போனைப் பாக்கிறது?" எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நாங்கள் வெளியில் இருந்த இத்தனை வருடமும் எங்கள் வீட்டு அலுவல் எல்லாவற்றுக்கும் அந்த மனிதரின் நம்பர்தான் போயிருக்கிறது. பேசாமல் இருந்தேன்.

ஆகவே, இறங்கிய அன்றே கடவுச்சீட்டைக் காட்டி, கோலும் எஸ்எம்எஸ்ஸும் உள்ள உள்ளூர் சிம் ஒன்று எடுங்கள். எடுத்த இடத்திலேயே யாருக்காவது சாதாரண கோல் எடுத்துப் பேசிப் பாருங்கள். வெளியிலிருந்து கொண்டுபோகிற சில போன்களில் 4ஜி வழியாகப் பேசும் வோல்டி, வேறு நாட்டு நிறுவனத்தோடு ஒத்துவராது. சிக்னல் நிறைய இருக்கும், இணையம் ஓடும், கோல் மட்டும் போகாது. அங்கே 3ஜியை மூடிவிட்டிருந்தால் அந்த போன் பழைய 2ஜியைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடட்டும். சிம்மை மாற்றினால் நம்பரை மாற்றவா என்று அது கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுச் சிம்மையும் உள்ளேயே வைத்து, அதன் ரோமிங் டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். வங்கிக் குறியீடு அதற்குத்தான் வரும். வாய்ஸ்மெயிலையும் போகமுன்பே நிறுத்திவிடுங்கள், நீங்கள் எடுக்காமல் விட்ட கோல் வாய்ஸ்மெயிலுக்குத் திரும்புகிறபோதும் ரோமிங் கணக்கில் காசு ஏறலாம். இன்னொன்று: ஆபத்தில் வாட்ஸ்அப்பை நம்ப முடியாது. அவசர எண்ணுக்குச் சாதாரண கோல்தான். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் மொபைலில் 112 பெரும்பாலும் போகும்.

குரலைப் பொறுத்தவரை செயலிகள் மேல் என்பதை மறுக்கவில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஒலியைத்தான் கடத்தும். செயலியில் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஆனால் இணையம் தடுமாறினால் பேச்சு துண்டு துண்டாக வரும், பிந்தி வந்த துண்டு விழுந்துபோகும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டினாலே பேச்சின் ஓட்டம் கெடத் தொடங்கிவிடும். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் தொடங்கி, "நீ சொல்லு", "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்று நிற்பது அதனால்தான். பாதிக் கதை அதிலேயே போய்விடும்.

2015-இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வரும்வரை நான் கோலிங் கார்ட் வாங்கி அம்மாவின் பட்டன் போனுக்கு எடுப்பேன். அதன்பிறகு சித்தப்பா வீட்டு ஸ்மார்ட்போனுக்குத்தான். அதை ஒரு பிள்ளை அம்மாவிடம் கொண்டுபோய் முகத்துக்கு நேரே பிடிக்கும், சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பா, சுகமாக இருக்கிறேன் என்பா. அவ்வளவுதான். அவ தனக்கென்று ஒன்றும் சொல்வதில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. நாலு பேருக்கு நடுவில் எப்படிச் சொல்லுவா?

வெளிக்கிடுகிற அன்று பத்திரப் பிரதியை வைக்க அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் அந்தப் பட்டன் போன், துவாய்த் துண்டில் சுற்றியபடி. பேட்டரி நிறைந்திருந்தது.

"நீ இதுக்குத்தானே முந்தி எடுக்கிறனீ. சார்ஜ் போட்டுத்தான் வைச்சிருக்கிறன்" என்றா.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பருக்கு எடுத்தேன். இரண்டாவது மணி அடிக்கமுன் எடுத்துவிட்டா. குரல் ஒடுங்கி, கரகரத்துக் கேட்டது.

"என்ன தம்பி, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையம்மா, சும்மா எடுத்தனான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "இரு, இருந்துகொண்டு கதைக்கிறன்" என்றா.