காற்றில்லா டயரில் ஓடும் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் அதிர்வைக் குறைப்பது எப்படி

காற்றில்லா டயர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே பாதம் மரத்துப்போகிறது என்று புலம்பி, உடனே மெத்தென்ற ரைசர் பேடு வாங்கி டெக்குக்கு (நாம் நிற்கும் பலகைக்கு) அடியில் செருகிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீல் கோட்டமாக ஓடினாலோ பேரிங் ஆடினாலோ மேலே எத்தனை மெத்தை போட்டாலும் அதிர்வு அங்கேயே இருக்கும். கூடவே பேட்டரி இணைப்புகளையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். அதனால் வேலையை வீலில் தொடங்கி மேலே வர வேண்டும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

ஒரே சாலையில், ஒரே வேகத்தில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை த்ராட்டிலைப் பிடித்தபடி, அடுத்த முறை அதே வேகத்தை எட்டியதும் விட்டுவிட்டு உருளவிடுங்கள். த்ராட்டிலை விட்டதும் அதிர்வு நின்றால் டயரைத் தொடவே வேண்டாம். பெல்ட் இறுக்கம், புல்லி நேர்க்கோட்டில் இல்லாதது, மோட்டார் மவுண்ட் தளர்வு ஆகியவற்றைப் பாருங்கள். வெஸ்க் வகை கன்ட்ரோலராக (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) இருந்தால் மோட்டார் டிடெக்‌ஷனை (கன்ட்ரோலர் மோட்டாரை அளந்துகொள்ளும் சோதனையை) மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் மவுண்ட் போல்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உருளும்போதும் அதே அதிர்வு இருந்தால் வீல், பேரிங், சாலை இந்த மூன்றில் ஒன்று.

மூன்றில் எது என்று பிரிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 150 மி.மீ. வீலின் சுற்றளவு 471 மி.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 18 சுற்று சுற்றும். பைபாக்ஸ் போன்ற செயலியில் முடுக்க அலைவரிசைப் பகுதியைத் திறந்து போனை டெக்கில் டேப் போட்டு ஒட்டி ஓட்டினால், வரைபடத்தில் 18 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 18 அதிர்வு) முனை தெரிந்தால் வீல் வட்டமாக இல்லை என்று அர்த்தம். வேகத்தைப் பாதியாக்கினால் முனை 9 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். வேகம் மாறியும் முனை நகராவிட்டால் அது டெக்கோ பேட்டரிப் பெட்டியோ தன் இயல்பில் ஆடுவது. இதற்குப் பழைய போனையே பயன்படுத்துங்கள். தொடர்ந்த அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும்.

தேன்கூடு போல ஓட்டை வைத்த டயர்களில் இன்னொரு வகை உண்டு. சுவர் வரும் இடம் கெட்டி, ஓட்டை வரும் இடம் இளக்கம். ஒரு சுற்றில் 30 ஓட்டை இருந்தால் மேற்சொன்ன வேகத்தில் நொடிக்கு 530 தடவை தட்டும். பெரும்பாலான போன்கள் இதைக் காட்டாது, காதுக்கு ரீங்காரமாகக் கேட்கும். டயரின் அமைப்பே அப்படி என்பதால் இதை முழுவதும் போக்க முடியாது, மேலே ஏறவிடாமல் தடுக்கலாம்.

கோட்டத்தை அளப்பது

ரிமோட்டையும் போர்டையும் அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, போர்டைத் தலைகீழாக இரண்டு கட்டை மேல் வையுங்கள். ஒரு கனமான மரத்துண்டில் தீக்குச்சியை டேப்பால் ஒட்டி, அதன் முனை டயரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். வீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குச்சி உரசும் இடம் மேடு, இடைவெளி விழும் இடம் பள்ளம். மேட்டில் குச்சி லேசாகத் தொடும்படி வைத்துவிட்டு, பள்ளத்தின் இடைவெளியில் சாதாரணப் பிரின்ட் காகிதத்தை ஒவ்வொன்றாகச் செருகி எண்ணுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ஐந்து தாளுக்குள் என்றால் விட்டுவிடலாம். பத்துத் தாள் போனால் பாதத்தில் நிச்சயம் தெரியும். ஹப் மோட்டார் வீல் (மோட்டார் வீலுக்குள்ளேயே இருப்பது) கையில் கட்டுக் கட்டாகச் சுற்றும், அது காந்தத்தின் இழுப்பு, பழுதல்ல.

பலர் வீல் பேலன்ஸ் எடை ஒட்டுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். இவ்வளவு சின்ன வீலில் அது வீண் வேலை. 150 மி.மீ. வீலின் ஓரத்தில் 5 கிராம் கூடுதலாக இருந்தால் 30 கி.மீ. வேகத்தில் 4.6 நியூட்டன் விசைதான் உண்டாகும். 80 கிலோ ஆள் ஏறி நிற்கும்போது ஒவ்வொரு டயரும் 4 மி.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். அங்கே 1 மி.மீ. கோட்டம் இருந்தால் சுமையில் ஏறத்தாழ 50 நியூட்டன் ஏறி இறங்கும், பத்து மடங்குக்கும் மேல்.

கோட்டத்தை எடுப்பது

இரண்டாகப் பிரியும் ரிம் என்றால் முதலில் டயரைத் திருப்பிப் பாருங்கள். டயரின் மேட்டுக்கு நேரே ரிம்மில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, டயரை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி பூட்டுங்கள். ரிம்மின் கோட்டமும் டயரின் கோட்டமும் எதிரெதிரே வந்து ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். பூட்டும்போது டயரின் உள் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, போல்ட்டுகளை நட்சத்திர வடிவில், ஒரு தடவைக்கு அரைச் சுற்று என்று இறுக்குங்கள். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டயர் ஒரு பக்கம் ஏறி உட்காரும், புது டயரில் வரும் கோட்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அலுமினியத் திரெடில் நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திரெட் லாக்கர் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். சிவப்பு போட்டால் அடுத்த முறை கழற்றச் சூடேற்ற வேண்டிவரும்.

அப்படியும் 1 மி.மீ.க்கு மேல் நின்றால் தேய்த்து எடுக்கலாம். வீலை மோட்டார் இருக்கும் பக்கம் மாட்டி, போர்டை ஆடாமல் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கட்டையில் சுற்றிய 80 நம்பர் உப்புத்தாளை ஒரு தாங்கியின் மேல் ஊன்றி மேட்டை மட்டும் தொடச் செய்யுங்கள். கையில் பிடித்துத் தேய்க்கவே கூடாது, தாள் இழுபட்டால் விரல் உள்ளே போய்விடும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். ரப்பர் சூடாகிப் பிசுபிசுத்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மொத்தமாக 1 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள்.

பேரிங்கும் ஆக்சிலும்

வழக்கமான 608 பேரிங்கின் உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 22, அகலம் 7. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஸ்பேசர் (இடைவெளியைக் காக்கும் சிறு குழாய்) இருக்கிறதா என்று பாருங்கள். வீல் மாற்றும்போது தொலைந்துபோகும் முதல் பாகம் இதுதான். ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு பேரிங் நறநறக்கும். ஸ்பேசர் சரியான அளவில் இருந்தால் நட்டை நன்றாக இறுக்கியும் வீல் தடையின்றிச் சுற்ற வேண்டும். இல்லாதபோது இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. வீலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது வீலோடு டிரக்கும் (ஆக்சிலைத் தாங்கும் உலோகப் பாகம்) சேர்ந்து அசைந்தால் குற்றம் பேரிங்கில் இல்லை, டிரக்கின் முனை உட்காரும் பிவட் கப் தேய்ந்திருக்கிறது.

ரைசர், புஷிங், கிரிப்

இனி மெத்தைக்கு வரலாம். 3 அல்லது 6 மி.மீ. மென்ரப்பர் பேடு போதும். எவ்வளவு தடிமன் சேர்க்கிறீர்களோ அவ்வளவு நீளமான போல்ட்டு வேண்டும். 12 மி.மீ.க்கு மேல் அடுக்கினால் டெக் உயர்ந்து நிலைத்தன்மை போய்விடும். பேட்டின் ஓரம் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் இறுக்குவதை நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் ரப்பர் கல்லாகிவிடும், அதிர்வு நேராக டெக்குக்கு ஏறும். நைலான் பூட்டு நட் பாதி இறுக்கத்திலும் கழலாது, அதில் திரெட் லாக்கர் போட வேண்டாம். 20 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

டிரக்கில் உள்ள ரப்பர் போன்ற வளையமான புஷிங்கை மென்மையாக்கி அதிர்வைக் குறைக்கலாம் என்பது தவறான யோசனை. பலன் சொற்பம், வேகத்தில் போர்டு பக்கவாட்டில் தள்ளாட ஆரம்பிக்கும். தள்ளாட்டம் வேறு நோய், அதன் மருந்தை இதோடு குழப்ப வேண்டாம். தேன்கூடு ரீங்காரத்துக்கு டெக்கின் மேல் ஒட்டும் 4 மி.மீ. ஃபோம் கிரிப் நன்றாக வேலை செய்யும். சாலைக் குழியின் அடியை மட்டும் அது தாங்காது, அதற்கு முழங்காலை மடக்கித்தான் நிற்க வேண்டும்.

டயர் ஓட்டைக்குள் ஃபோமோ சிலிக்கானோ அடைக்கச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன. அடைத்தால் டயர் இளகுவதற்குப் பதில் கெட்டியாகும், எடை கூடும், சூடும் வெளியேறாது. கெட்டி டயரில் டிரில் போட்டு ஓட்டை ஏற்படுத்துவது இன்னும் மோசம், கிழிசல் அந்த ஓட்டையிலிருந்தே தொடங்கும்.

சாலையே கரடுமுரடாக இருந்தால் பெரிய வீல்தான் வழி. 105 மி.மீ.யிலிருந்து 120க்குப் போனால் உச்ச வேகம் 14 சதவீதம் கூடும், இழுவை 12.5 சதவீதம் குறையும். பெல்ட் போர்டில் மோட்டார் புல்லியை 16 பல்லிலிருந்து 14க்கு மாற்றினால் கணக்கு அப்படியே பழையபடி வந்துவிடும். டெக்குக்கும் வீலுக்கும் உள்ள இடைவெளி 7.5 மி.மீ. குறையும் என்பதால் முழுதாகச் சாய்த்துத் திருப்பி உரசுகிறதா பாருங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரிப் பெட்டியையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். மூடியின் விளிம்பில் 3 மி.மீ. நியோப்ரின் பட்டை, மோட்டார் வயர் உரசும் இடங்களில் உறை, இணைப்புகள் ஆடாமலிருக்க நியூட்ரல் வகை சிலிக்கான். புளிப்பு வாசம் அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும், அதை உள்ளே விடாதீர்கள். டயரின் தேன்கூடு சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, சாக்பீஸ் கோடு போட்ட இடத்திலிருந்து டயர் ரிம்மில் நகர்ந்திருந்தாலோ அந்த டயரை மாற்றுங்கள்.