கூரைத் தூசியில் விண்கல் தேடுவது எப்படி?

நுண் விண்கற்களை நகரக் கூரைகளிலேயே பொறுக்கலாம் என்று காட்டியவர் நார்வேயின் யோன் லார்சன். ஒஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைத் தூசியில் கிடைத்த 500 துகள்களின் ஆய்வு 2017இல் வெளியானது. பெரும்பாலானவை 0.3 மி.மீ. அளவு.

முதலில் இடம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் மொட்டைமாடி பூட்டியிருக்கும். நகர மன்ற அனுமதியின்றி ஏறாதீர்கள். தரைவீட்டுக் கார் கொட்டகையின் கூரையே போதும். கையுறை, முகக்கவசம் அணிந்து, மழைநீர் வடியும் மூலையில் படிந்த மண்ணை ஒரு கிலோ அள்ளுங்கள்.

வாளியில் அந்த மண்ணைப் போட்டு நீரூற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, மிதக்கும் இலைத்தூளை வடித்துவிடுங்கள். நீர் தெளியும்வரை இப்படியே. வாளியை அன்றே கவிழ்த்துவிடுங்கள், டெங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்ட வேண்டாம்!

மண் முழுக்கக் காயட்டும். ஈரமிருந்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும். 0.5 மி.மீ. சல்லடையில் கீழே விழுந்து, 0.15 மி.மீ. சல்லடையில் தங்குவதே நமக்கு வேண்டியது. அதைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, பிளாஸ்டிக் பையில் போட்ட நியோடிமியம் காந்தத்தை (வலுவான காந்தம்) மேலே நகர்த்துங்கள். பை இல்லையென்றால் ஒட்டிய தூளைக் காந்தத்திலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

40 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைகள் தெரியும். துள்ளிக் குதிக்காதீர்கள், முக்கால்வாசி வெல்டிங் பொறிதான். கட்டுமானம் ஓயாத சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. அது கண்ணாடிபோல் மின்னும், வால் நீண்டிருக்கும், பலவேளை உள்ளே வெற்றிடம். விண்துகள் மங்கிய கறுப்பு. மேற்பரப்பில் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் ஆமை ஓட்டு வரிபோல் ஓடும், சிலவற்றில் ஒரு பக்கம் உலோக மணி துருத்தி நிற்கும். ஈரப்படுத்திய பல்குச்சி நுனியால் எடுத்து வையுங்கள். நசுக்கிப் பார்க்க வேண்டாம். உறுதிசெய்ய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேதிக்கூறு அளக்க வேண்டும்.

இப்படித் தேடினால் இதுவரை அறியாத புதிய கனிமம் கிடைக்குமா? கூரையில் கிடைக்கும் உருண்டை காற்றுமண்டலத்தில் உருகி மறுபடி உறைந்தது. பழைய கனிமங்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். உருகாத தூசியில்தான் வாய்ப்பு அதிகம். 2003இல் நாசா விமானம் உயர வானில் பிடித்த தூசியில் மாங்கனீசும் சிலிக்கனும் சேர்ந்த பிரவுன்லீயைட் கிடைத்தது. அறிவிப்பு 2008இல்தான் வந்தது. வேதிக்கூறு மட்டும் போதாது, படிக அமைப்பையும் நிறுவ வேண்டும். பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் குழு ஏற்ற பிறகே பெயர் செல்லும், மாதிரியும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ள விதி இடம்தராது.