டிரம்ஸ் கலைஞர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் இண்டி ராக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே, தேவைப்படும்போது கீபோர்டையும் பேஸ் கித்தாரையும் கையில் எடுக்கும் இளைஞருக்கு நேரும் பெரிய இழப்பு, வாசிப்புப் பிழையால் வருவதில்லை. குழுக்கள் கூடி ஒத்திகை பார்க்கும் ஜேமிங் ஸ்டூடியோவில் அவர் கீபோர்டில் தட்டிப் பார்த்த ஒரு சிறு மெட்டே பாடலின் உயிராகிவிடுகிறது. பாடல் வெளியாகும்போது, இசையமைப்பு என்ற இடத்தில் பாடகரின் பெயர் மட்டும் இருக்கிறது. நண்பர்களிடம் பங்கு கேட்பது முறையாகாது என்ற கூச்சமே இதற்குக் காரணம். அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனாலும் அது தவறு.

ஒரு பாடலில் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிய உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கு உரிய உரிமை வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டின் உரிமை அதைப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். வெறும் தாளம் பொதுவாக இசையமைப்பாகக் கருதப்படுவதில்லை என்பதால், டிரம்ஸ் வாசித்ததோடு மெட்டையும் தந்தவர் அதைக் குறித்துவைக்காவிட்டால், வாசித்தவர் என்ற அளவிலேயே நின்றுவிடுவார். ஆகவே ஒலிப்பதிவு நடக்கும் அன்றே, மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, யாருக்கு எத்தனை விழுக்காடு, ஸ்டூடியோ வாடகையைக் கொடுத்தவர் யார், மூலப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட வேண்டும். இசைப் படைப்பாளர்களுக்கான உரிமத்தொகையைத் திரட்டும் எம்ஏசிபி அமைப்பிலும் அதே விழுக்காட்டைத்தான் பதிய வேண்டும். வேறொரு குழுவுக்கு ஒருநாள் வாசிக்கப் போகிறவர், கிடைப்பது கூலி மட்டுமா, பங்கும் உண்டா என்பதைக் குச்சியை எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தைப்பூசத்தில் பத்துமலையில் உறுமி மேளம் வாசித்து வளர்ந்த கைகளுக்குத் தனி வலிமை உண்டு. ராக் மேடையில் அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உறுமியில் வேகம் ஏற ஏறத்தான் களைகட்டும். ஒருவரே எல்லாக் கருவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும்போதோ, டிரம்ஸ் சற்று முந்தினாலும் அடுத்து வரும் ஒவ்வொரு கருவியும் தடுமாறும் என்பதால், சீரான வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் பதியத் தொடங்கக் கூடாது. நிர்வாணா ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் 1994 அக்டோபரில் ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஓர் ஆல்பத்தை முடித்ததைக் கேட்டுப் பல கருவிகளை ஒரே ஆண்டில் கற்க முனைவோர், அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் தனியே பாடல் எழுதிப் பதிந்துவந்ததை மறந்துவிடுகிறார்கள்.

காதைக் காப்பதிலும் அலட்சியம் மிகுதி. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வழக்கமான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகி, 100 டெசிபெலில் 15 நிமிடமே மிஞ்சும். சிறிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் எட்டும். காதடைப்பான் இல்லாமல் ஒத்திகை முடித்து வீடு திரும்பும்போது காதில் ரீங்காரம் கேட்டால், அதை வழக்கமானதென்று விட்டுவிடக் கூடாது.