மூன்றாம் நாள் தொட்டி வெள்ளையாகிவிட்டால்

முந்தின நாள் வரை பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர், சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டால் அரிசி களைந்த கழுநீர் போல நிற்கும். புது மீன் தொட்டியில் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் இது வரும். உடனே வாளியைத் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள்.

என் முதல் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சென்னை கொளத்தூரில் வாங்கினேன். கல் போட்டது போக சுமார் 50 லிட்டர் பிடிக்கும். அன்றைக்கே 6 கப்பி மீன்களையும் வாங்கி வந்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கலங்கியதும் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன், கல்லைக் கழுவினேன், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தேன். இரண்டே நாளில் மறுபடி வெள்ளை, மறுபடி இறைத்தேன். அந்த வாரம் 4 மீன்கள் செத்துப்போயின. கலங்கல் அவற்றைக் கொல்லவில்லை. கழிவும் மிச்சத் தீவனமும் அழுகி வரும், கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா கொன்றது. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா வளர நான் இடமே கொடுக்கவில்லை. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் கறுப்புத் துணியைப் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றிய நேரத்திலிருந்தே சாம்பல் நிறமாக இருந்து, டம்ளரின் அடியில் மெல்லப் படிந்தால், அது சரியாகக் கழுவாத கல்லின் தூசி. பச்சையாக இருந்தால் பாசி. ஜன்னல் வெயிலைத் தடுத்து, விளக்கைக் குறையுங்கள். பழுப்பாக, டீ மாதிரி தெளிவாக இருந்தால் மரக்கட்டையின் சாயம், கெடுதல் இல்லை. எத்தனை நேரம் வைத்தாலும் படியாமல் பால் புகை போல மிதந்தால், அதுதான் பாக்டீரியா.

தீவனத் துணுக்கு, கழிவு, செடியின் அழுகல் ஆகியவற்றைத் தின்னும் பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கோ இரட்டிப்பாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். முன்னது தண்ணீரில் மிதந்து வெள்ளை காட்டும். நமக்கு வேண்டியவை ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வளரும். தண்ணீர் முழுவதையும் மாற்றினால் மிதப்பது திரும்ப வந்துவிடும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் ஒட்டியிருப்பது போய்விடும்.

ஆகவே ஃபில்டரை ராத்திரி பகலாக ஓட விடுங்கள். ஏர் பம்பை நிறுத்தவே கூடாது, ஏனென்றால் இந்தப் பாக்டீரியா கூட்டம் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் மீன் இல்லை என்றால் தினம் ஒரு சிட்டிகை தீவனம் போதும், அது அழுகித்தான் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியான அம்மோனியா வரும். அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வந்துவிட்டால் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

கலங்கலைப் பார்த்த என் அம்மா தேற்றாங்கொட்டையைத் தேய்க்கச் சொன்னார், பக்கத்து வீட்டில் படிகாரம் கொடுத்தார்கள். குடத்தில் சேற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க அவை நல்லவைதான். தொட்டியில் வேண்டாம். அம்மோனியா அப்படியே இருக்கும். படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையையும் குறைத்துவிடும், நல்ல பாக்டீரியாவுக்கு அது தேவை.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மீன் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதுதான். நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் தப்பாகக் காட்டும். நான் காலண்டர் ஓரத்தில் தினமும் மூன்று எண்களையும் எழுதி வைத்தேன். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின் நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் கூடிக்கொண்டே போகும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். வெள்ளைக் கலங்கலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அது தெளிந்ததும் தொட்டி தயார் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் காலத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான்: நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்றா? சரி, அப்போது கணக்கு வேறு. தீவனத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு மட்டும் போடுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம் தொட்டால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்து வரும் மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8 பக்கம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அதில் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் டெஸ்ட் எடுக்கக் காத்திராமல் உடனே மாற்றிவிட்டு, காற்றைக் கூட்டுங்கள்.

இப்போதைய தொட்டிக்கு எனக்கு 34 நாள் ஆனது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே 3 கப்பி விட்டேன். மறுநாள் லேசாக வெள்ளை படர்ந்தது. டெஸ்ட் எடுத்தேன், இரண்டும் பூஜ்யம். தண்ணீரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது, அடுத்த 3 கப்பிகளை இரண்டு வாரம் கழித்து விட்டேன்.