எலக்ட்ரானின் தற்சுழற்சியும் மேற்பொருந்துதலும்: காகிதத்தில் கணக்கிட்டுப் புரிந்துகொள்வது எப்படி?

பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எந்த வரிசையில் நடத்துகிறேனோ, அதே வரிசையில் இங்கும் எழுதுகிறேன். வெக்டரைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், 1922-இல் பிராங்க்பர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் நடத்திய சோதனையை மனத்தில் நிறுத்துங்கள். உலையில் ஆவியாக்கிய வெள்ளி அணுக்களை மெல்லிய கற்றையாக்கி, சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினார்கள். கண்ணாடித் தகட்டில் வெள்ளி பரவலாகப் படியாமல் இரண்டாகப் பிரிந்து படிந்தது. வெள்ளி அணுவின் 47 எலக்ட்ரான்களில் 46 எலக்ட்ரான்களின் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், எஞ்சிய ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சியே (spin: எலக்ட்ரானை ஒரு சிறு காந்தம்போல நடக்கச் செய்யும் அதன் உள்ளார்ந்த பண்பு) அந்தப் பிளவுக்குக் காரணம். எந்தத் திசையில் அளந்தாலும் இரண்டே விடைகள்தாம் கிடைக்கும்: நெடுக்கில் அளந்தால் மேல் அல்லது கீழ், கிடையில் அளந்தால் வலம் அல்லது இடம்.

அடுத்து, ‘வலம்’ என்று வந்த அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து நெடுக்குக் காந்தத்துக்குள் அனுப்பினால், பாதி மேலே போகும், பாதி கீழே போகும். இதைத்தான் இரு நிலைகளின் கூட்டலாக, அதாவது மேற்பொருந்துதலாக (superposition), இப்படி எழுதுகிறோம்:

வலம் = (1/√2) மேல் + (1/√2) கீழ்

முன்னே நிற்கும் எண்கள் வீச்சுகள் (amplitudes). அவற்றின் இருமடியே, அதாவது வர்க்கமே, நிகழ்தகவு: (1/√2)² = ½.

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். ‘அப்படியானால் பாதி அணுக்கள் முன்பே மேலாகவும், மீதி கீழாகவும் இருந்தன, நமக்குத்தான் தெரியவில்லை’ என்று எண்ணத் தோன்றும். அது தவறு. தாமிரபரணிக் கரையிலிருந்து வடகிழக்காக நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் வடக்கேயும் கிழக்கேயும் சமமாக முன்னேறுகிறார். அவருடைய திசை நிச்சயமான ஒரே திசைதான். ‘வலம்’ என்பதும் அப்படி நிச்சயமான ஒரே நிலை. கணக்கிலேயே இதைச் சோதிக்கலாம்:

மேல் = (1/√2) வலம் + (1/√2) இடம்
கீழ் = (1/√2) வலம் − (1/√2) இடம்

இவற்றை முதல் சமன்பாட்டில் இடுங்கள். ½ இடமும் −½ இடமும் அடிபட்டுப்போய், வலம் மட்டுமே மிஞ்சும். எனவே ‘வலம்’ அணுக்களை, இடையில் நெடுக்கில் அளக்காமல், மீண்டும் கிடையில் அளந்தால் அனைத்தும் வலத்துக்கே செல்லும். அவை வெறும் கலவையாக இருந்திருந்தால் பாதி இடப்பக்கம் போயிருக்கும். அந்தக் கழித்தல் குறியை ஒருமுறையாவது கையால் எழுதி, அடித்துப் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) இணையதளத்தின் ஸ்டெர்ன்–கெர்லாக் உருவகப்படுத்தல் நல்ல கருவி. ஆனால் கணக்கை முடித்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குவாண்டம் கணினிக்கான கிஸ்கிட் (Qiskit) போன்ற நிரல் தொகுப்புகள் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். விடை கைக்கு வந்துவிடும், காரணம் மறைந்துவிடும்.

பின்சேர்க்கை: ‘வடக்கும் கிழக்கும் செங்குத்தானவை, மேலும் கீழும் எதிரெதிரானவை அல்லவா?’ என்று மாணவர்கள் சிலர் கேட்டார்கள். மிகச் சரியான கேள்வி. நாம் காணும் வெளியில் (space) 180 பாகை விலகியுள்ள ‘மேல்’, ‘கீழ்’ இரண்டும், நிலைகளின் வெக்டர் வெளியில் 90 பாகையே விலகியுள்ளன. ஆகவே காந்தத்தை எவ்வளவு சாய்த்தாலும், கணக்கில் அதன் பாதிக் கோணத்தையே எடுக்க வேண்டும். ‘மேல்’ நிலையிலுள்ள அணுவை 60 பாகை சாய்ந்த காந்தத்தால் அளந்தால், கொசைன் 30-இன் இருமடியாகிய ¾ என்பதே அது காந்தம் சாய்ந்த திசையிலேயே வெளிவருவதற்கான நிகழ்தகவு. 90 பாகைக்கு ½, 180 பாகைக்குச் சுழியம்.