சமூக நாணயம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞர்கள் சிலர், தங்கள் வட்டாரத்துக்கென ஒரு சமூக நாணயம், அதாவது அங்குள்ள கடைகளும் மக்களும் ரிங்கிட்டுக்குப் பதிலாகத் தங்களுக்குள் ஏற்கும் சீட்டு, தொடங்கப்போவதாகச் சொல்லி, அதை ஏற்க இசைந்த கடைகளின் பட்டியலை என் மேசையில் விரித்தார்கள். உணவகம், பூக்கடை, முடிதிருத்தகம், மளிகைக் கடை எனப் பெயர்கள் நீண்டன. எட்டு ஆண்டுகளுக்கு முன் செந்தூலில் நாங்கள் இதே வகையான ஒரு பற்றுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் எழுதிய பட்டியலும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. தாள் கிழியக்கூடாது, கணக்கு எழுத வேண்டும் என்பவையெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைகளை எண்ணிவிட்டு, கடைக்காரரின் செலவைப் பாராதிருப்பது

இன்றும் என்னை உறுத்துவது இந்தத் தவறுதான். உறுப்பினர்கள் ரிங்கிட் கட்டிச் சீட்டு வாங்கி, அதை டியூஷன் ஆசிரியைக்கும் தையல்கார அக்காவுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் மளிகைக் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் சீட்டு எவர் கையிலும் தென்படவில்லை. விசாரிக்கப் போனபோது, கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் கல்லாவை இழுத்துக் காட்டினார். கடன் குறிக்கும் 555 புத்தகத்துக்குப் பக்கத்தில், ரப்பர் வளையம் போட்ட நான்கு கட்டுகள் இருந்தன. "தம்பி, விடியற்காலையில் செலாயாங் பசார் போரோங் மொத்தச் சந்தையில் வெங்காய மூட்டைக்கு இதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கொள்வீர்களா" என்று கடைக்காரரிடம் கேட்பது பாதிக் கேள்விதான். வாங்கியதை அவர் யாரிடம் கொடுப்பார் என்பதே மறுபாதி. ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம் 1932-இல் வெளியிட்ட சீட்டைப் பற்றிப் பேசுவோர், மாதந்தோறும் முகமதிப்பில் 1 விழுக்காட்டுக்கு முத்திரை ஒட்ட வேண்டும் என்ற, சீட்டை முடக்காமல் செலவழிக்கத் தூண்டும் விதியைத்தான் புகழ்கிறார்கள். நகராட்சி கூலியாகக் கொடுத்த சீட்டை வரியாகத் திரும்ப வாங்கிக்கொண்டதால்தான் கடைக்காரர்கள் அதை அஞ்சாமல் ஏற்றார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 2003-இல் தொடங்கிய கீம்காவர் என்ற சமூக நாணயத்தில், சீட்டை யூரோவாக மாற்றும் கடைக்காரர் 5 விழுக்காட்டை இழக்கிறார். அதில் 3 உள்ளூர்ச் சங்கங்களுக்குப் போகிறது. மாற்ற வழி உண்டு, ஆனால் அதற்குமுன் உள்ளூரில் செலவழிக்க ஓர் இடம் தேட அவருக்குக் காரணமும் உண்டு.

நாங்கள் இதை இரண்டாம் முயற்சியில்தான் செய்தோம். அந்த அண்ணனுடன் உட்கார்ந்து அவருடைய ஒரு மாதச் செலவை வரிவரியாக எழுதியபோது, மகளின் டியூஷன், கடைப் பையன்களின் மதியச் சாப்பாடு, வேன் பழுதுபார்ப்பு ஆகிய மூன்றும் நம் உறுப்பினர்களிடமே நடக்கக்கூடியவை என்று தெரிந்தது. அம்மூன்றும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 600 ரிங்கிட் வந்தன. அவர் மாதம் 600 ரிங்கிட் மதிப்புள்ள சீட்டுக்கு மேல் ஏற்க வேண்டாம் என்று வரம்பு வைத்தோம். அதன்பின் அந்தக் கல்லாவில் கட்டு சேரவில்லை.

ஈட்டுப் பணத்தில் கைவைப்பது

சீட்டுக்கு ஈடாக உறுப்பினர்கள் கட்டிய ரிங்கிட்டில் ஒரு சென்கூடத் தொடக்கூடாது. அச்சுக்கும் தொடக்க விழாவுக்கும் நாங்கள் அதிலிருந்து எடுத்ததால், அண்ணனின் கட்டுகளுக்கு ஈடான ரிங்கிட்டைச் சொந்தப் பணத்திலிருந்து அடைக்கப் பத்து மாதம் ஆயிற்று. நம்பிச் சேர்ந்த மனிதரை அத்தனை காலம் காக்க வைத்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

மலேசியாவில் பணம் வெளியிடும் உரிமை மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு மட்டுமே உண்டு. ரிங்கிட் வாங்கிக்கொண்டு சீட்டோ மின்புள்ளியோ கொடுத்தால் 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டமும் குறுக்கிடக்கூடும்; நம் பெரியவர்கள் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொண்ட கூட்டுக்கே 1971-இல் தனித் தடைச் சட்டம் வந்தது. வோர்கல் சீட்டை 1933-இல் ஆஸ்திரிய மத்திய வங்கியின் எதிர்ப்புதான் நிறுத்தியது. கென்யாவின் மொம்பாசாவில் 2013-இல் பங்ளா பெசா என்ற சமூக நாணயத்தைத் தொடங்கியவர்கள் கைதாகி, வழக்கு கைவிடப்பட்ட பிறகே மீண்டார்கள். அச்சகத்துக்குப் போகுமுன் வழக்கறிஞரிடம் போங்கள்.

ரிங்கிட் தாளைப் போல அச்சிடுவது

வேண்டவே வேண்டாம்.

தேவைக்கு மேல் வெளியிடுவது

அர்ஜென்டினாவில் 1995-இல் தொடங்கிய பண்டமாற்று மன்றங்களின் சீட்டுகள், அளவின்றி வெளியானதாலும் கள்ள அச்சாலும் 2002-இல் மதிப்பிழந்தன.

இளைஞர்களிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு கடைக்கும் எதிரே அதன் மாதச் செலவை எழுதி வரச் சொன்னேன். முதலில் பூக்கடையின் கணக்கு வந்தது. பெரும்பகுதி கேமரன் மலைச் செவ்வந்திக்கு ரிங்கிட்டாகவே போகிறது. மாலை கட்டும் மூன்று பெண்களின் கூலி மட்டும் வட்டாரத்துக்குள் தங்குகிறது. அந்தக் கூலியில் எவ்வளவைச் சீட்டாக வாங்க அவர்கள் சம்மதிப்பார்கள் என்று அந்தப் பெண்களிடமே கேட்டுவர, அடுத்த வாரம் இளைஞர்களுடன் நானும் போகிறேன்.